காட்டைக் காப்பாத்த வந்த தம்பிக்கு

காட்டைக் காப்பாத்தணும்னு கிளம்பி வந்திருக்கிற தம்பி, உனக்கு முதல்ல ஒரு கும்பிடு. இத்தனை காலமும் இந்தக் காடு கேக்க நாதியில்லாமக் கிடந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூர்ல வண்டி ஏறி, சனி ஞாயிறு ரெண்டு நாளும் இயற்கையைக் காப்பாத்திட்டு, திங்கக்கிழமை காலையில ஆபீசுல போய் உக்காருற உன்னாட்டம் புள்ளைங்க வர ஆரம்பிச்ச பிறகுதான் புலிக்கே நிம்மதியாத் தூக்கம் புடிக்குதுன்னு ஊருக்குள்ள பேச்சு.

ராமாபுரத்து டீக்கடையில வந்து, 'தாத்தா, இங்க நடக்கிறதுக்கு நல்ல காடு எது'ன்னு கேட்டே. காடில்லாத இடம் எதுன்னு கேட்டிருந்தாத்தான் நான் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லணும். கிழக்க மாதேஸ்வரன் மலைக் காடு, 906 சதுர கிலோமீட்டர், 2013-ல சரணாலயம்னு பேர் வச்சாங்க. வடக்க காவேரி சரணாலயம். மேக்க பிலிகிரி ரங்கன் மலை. தெக்க எல்லையைத் தாண்டினா தமிழ்நாட்டுச் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், அதுவும் 2013-தான். இந்த ஊர் 1956 வரைக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துல கோயமுத்தூர் ஜில்லா. அப்புறம் மைசூர் ஜில்லா. 1997-ல இருந்து சாமராஜநகர் ஜில்லா. நான் திண்ணையை விட்டு இறங்காமயே இத்தனை ஜில்லா சுத்தியிருக்கேன். அதனால ஊர் சுத்தறதைப் பத்தி உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டு, கேட்டுக்க.

உன் ஷூவைப் பார்த்தேன். விலையைச் சொன்னதும் நெஞ்சை அடைச்சுது. அந்தக் காசுக்கு ஒரு வெள்ளாடு புடிச்சிருக்கலாம். இருக்கட்டும், காட்டுக்காகத்தானே செலவு பண்றே. சட்டையும் நல்ல ஆரஞ்சுக் கலர்ல போட்டிருக்கே. யானைக்குக் கண்பார்வை கொஞ்சம் மட்டு, அதுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நினைச்சிருப்பே. மேலுக்கு சென்ட்டும் அடிச்சிருக்கே, அது இன்னும் விசேஷம். யானைக்கு மூக்குத்தான் எல்லாம். காத்து உன் முதுகுப் பக்கமிருந்து முன்னால அடிச்சா, பெங்களூர்க்காரர் வர்றார்னு அதுக்கு வெகு தூரத்துலயே தெரிஞ்சு, மரியாதையா ஒதுங்கிக்கும். உன் முகத்துக்கு எதிர்க்காத்து அடிச்சாத்தான் சங்கடம். உன் வாசம் அதுக்குப் போகாது. ஒரு திருப்பத்துல ரெண்டு பேரும் திடீர்னு மூஞ்சியோட மூஞ்சி பார்த்துக்குவீங்க. யானைக்குத்தான் அதிர்ச்சி ஜாஸ்தி. ஆனா ஓட வேண்டியது நீயாத்தான் இருக்கும்.

பையில பாட்டுப் பெட்டி வேற. ப்ளூடூத் ஸ்பீக்கரா? நல்லதுப்பா. கொண்டலாத்தியும் குக்குறுவானும் தலைமுறை தலைமுறையா ஒரே பாட்டைப் பாடிக்கிட்டுக் கிடக்குது. நீயாவது புதுசா ஒண்ணு போட்டுக் காட்டு.

அனுமதிச் சீட்டுப் பத்திக் கேட்டா உனக்குக் கோபம் வருது. 'காடு எல்லாருக்கும் பொது தாத்தா'ங்கறே. பேஷான பேச்சு. 1972-ல போட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 27-ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. சரணாலயத்துக்குள்ள சீட்டு இல்லாம யார் யார் இருக்கலாம்னு அதுல எழுதி வச்சிருக்காங்க. வேலையா வந்த அரசாங்க ஊழியர், குடியிருக்க அனுமதி வாங்கினவர், உள்ள நிலம் நீச்சு உரிமை இருக்கிறவர், பொது ரோட்டுல கடந்து போறவர், முதல் மூணு பேரை நம்பியிருக்கிற குடும்பம். 'காட்டின் மேல் மிகுந்த பிரியம் உள்ளவர்'னு ஒரு வரி சேர்க்க மறந்துட்டாங்க. டெல்லியில யாராவது தெரிஞ்சவங்க இருந்தா சொல்லி வை.

அதுவரைக்கும் சீட்டு வாங்கிக்க. 2024 தொடக்கத்துல குமாரபர்வதத்துல ஒரே நேரத்துல திருவிழாக் கூட்டம் ஏறின படத்தைப் பார்த்துட்டு கர்நாடக அரசாங்கமே பயந்துபோய், ஆன்லைன்ல பதிவு பண்ணாம மலை ஏறக் கூடாதுன்னு சொல்லிருச்சு. அந்த அக்டோபர்ல தமிழ்நாட்டுலயும் 'டிரெக் தமிழ்நாடு'ன்னு 40 வழியைத் திறந்து, வழிகாட்டக் காட்டுப் பக்கத்து ஆளுங்களையே போட்டாங்க. குரங்கணியில 2018 மார்ச் 11-ந்தேதி தீயில சிக்கி 23 பேர் போன பிறகு வந்த புத்தி அது. கோடையில புல்லு காஞ்சு கிடக்கும்போது மலை ஏற விடமாட்டேங்கறாங்கன்னா, ரேஞ்சருக்கு உன்மேல முன்விரோதம்னு நினைச்சுக்காதே.

சரி, நடக்கிறதுக்கு வருவோம். இங்க நடக்காதவன் யாரு? மலைமேல இருக்கிற மாதேஸ்வரனே வடக்கயிருந்து நடந்து வந்து இந்த எழுபத்தேழு மலையைத் தன்னோடதா ஆக்கிக்கிட்ட சாமின்னுதான் கம்சாளைத் தாளம் தட்டிக்கிட்டுப் பாடறாங்க. அவருக்கு வாகனம் புலி. கோயிலுக்கு வர்றவங்க தாளபெட்டத்துல இருந்து படி ஏறுவாங்க. சிவராத்திரிக்குக் கனகபுரா பக்கமிருந்து வர்ற கூட்டம் காவேரியையே இறங்கிக் கடந்து, காட்டுக்குள்ள நடந்து, 'உகே மாதப்பா'ன்னு கத்திக்கிட்டு வரும். அவங்ககிட்ட ஷூ கிடையாது. ஆனா தண்ணி பாட்டில் உண்டு, பாக்கெட் உண்டு, சாப்பிட்ட தட்டு உண்டு. அதையெல்லாம் சாமிக்கே விட்டுட்டுப் போயிருவாங்க. பக்தியில உனக்கு அவங்க குறைஞ்சவங்க இல்லை, குப்பையிலயும் இல்லை. உன் குப்பை கொஞ்சம் விலை ஒசத்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

உனக்கு நாகமலை போகணும். ரீல்ஸ்ல பார்த்திருப்பே. மேகம் காலடியில ஓடும், உண்மைதான். வழியில இண்டிகநத்தம்னு ஒரு ஊர் வரும். அங்க நின்னு ஒரு நிமிஷம் பாரு. 2024 ஏப்ரல் 26, பாராளுமன்ற எலெக்‌ஷன் அன்னிக்கு, அந்த ஊர்ல ஓட்டுப் போடற மிஷினையே உடைச்சுப் போட்டாங்க. ரோடு இல்லை, அடிப்படை வசதி இல்லை, இத்தனை வருஷமாக் கேட்டும் நடக்கலைங்கறதுதான் அவங்க ஆத்திரம். 29-ந்தேதி மறு ஓட்டு நடந்துச்சு. நீ ஆன்லைன்ல பணம் கட்டி, ஆசையா நடக்கிற பாதை இருக்கு பாரு, அதே பாதையில அங்க புள்ளைத்தாச்சியைத் தூளி கட்டித் தூக்கிக்கிட்டு வந்திருக்காங்க. நீ வந்து, 'ஆஹா, இன்னும் ரோடு போடாம எவ்வளவு அழகா வச்சிருக்காங்க'ன்னு அவங்ககிட்டயே சொல்லு. சந்தோஷப்படுவாங்க. கையில எதாவது வச்சிருந்தாங்கன்னா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லு.

ரோடு போட்டாக் காடு போயிரும்னு ஒரு கட்சி, போடாட்டி மனுசன் போயிருவான்னு ஒரு கட்சி. வனத்துறை நடுவுல ஜீப் விட்டுப் பார்த்துச்சு. ரெண்டு கட்சியையும் கேட்டுட்டு வா, அப்புறம் உன் அபிப்பிராயத்தைச் சொல்லு, நானும் தெரிஞ்சுக்கறேன்.

நடக்கிற வழியெல்லாம் ரோஸும் மஞ்சளுமா கொத்துக் கொத்தாப் பூத்திருக்கும், அதைப் படம் புடிச்சுப் போட்டு 'காட்டு மலர்'னு எழுதுவே. அது உண்ணிச்செடி. 1800-க்குப் பக்கத்துல வெள்ளைக்காரன் கல்கத்தாத் தோட்டத்துல அழகு பார்க்கக் கொண்டாந்து வச்சது. அழகை ரசிக்கிறவங்க கொண்டாந்ததுதான் கண்ணு, காட்டைப் புடிக்காதவங்க யாரும் கொண்டாரலை. இன்னிக்கு மாடு கடிக்கிற புல்லு இல்லை, மான் கடிக்கிற தழை இல்லை, எங்க பார்த்தாலும் அதுதான் அடைச்சுக் கிடக்குது. பிலிகிரி ரங்கன் மலைச் சோளகப் பழங்குடிங்க முன்னெல்லாம் வருஷா வருஷம் வெயில் ஏறுறதுக்கு முந்தியே சருகுக்குச் சின்னதாத் தீ வைப்பாங்க. 'தரகு பெங்கி'ம்பாங்க. சருகு மட்டும் எரியும், மரம் தப்பிக்கும், பெரிய தீ வராது. அதைத் தப்புன்னு நிறுத்தினாங்க. 1974-ல சரணாலயம் ஆக்கி அவங்களையே காட்டுல இருந்து கிளப்பி ஓரத்துல கொண்டுபோய் வச்சாங்க. தீயை நிறுத்தினதாலதான் உண்ணி இப்படிப் பெருத்துச்சுன்னு அவங்க சொன்னப்ப, படிச்சவங்க சிரிச்சாங்க. அப்புறம் படிச்சவங்களே வந்து ஆராய்ச்சி பண்ணி, அதையே இங்கிலீஷ்ல எழுதினாங்க. 2011-ல அந்த மலைச் சோளகருக்குக் காட்டு உரிமை குடுத்தாங்க. புலிக் காப்பகத்துக்குள்ள ஒரு சமூகத்துக்கே அப்படி உரிமை கிடைச்சது நாட்டுலயே அதுதான் முதல் தடவை.

மாதேஸ்வரன் மலைப் பக்கத்துச் சோளகருங்க அந்த உண்ணிக் கொடியை வெட்டி, வேகவச்சு, தோலுரிச்சு, நாற்காலியும் கூடையும் பின்னறாங்க. பெங்களூர்ல இருக்கிற ஏட்ரீங்கிற ஆராய்ச்சி நிறுவனம் கத்துக்குடுத்த வேலை. உன் வீட்டுக்கு ஒண்ணு வாங்கிப் போடு. காட்டுக்கு நீ செஞ்ச காரியத்துல உருப்படியானது அதுவாத்தான் இருக்கும். உக்காரவும் சுகமா இருக்கும்.

எனக்கும் நடக்கிற ஆசை இருந்துச்சு. கோபிநத்தத்து வீரப்பன் வந்து அதை எங்க எல்லாருக்கும் ஒரேயடியா அடைச்சு விட்டான். 1992 மே மாசம் இந்த ராமாபுரத்துப் போலீஸ் ஸ்டேஷன்லயே புகுந்து, காவல்ல இருந்தவங்களைச் சுட்டுட்டு, துப்பாக்கியை வாரிக்கிட்டுப் போனான். அதுக்கப்புறம் விறகு பொறுக்கப் போனா, அவனுக்கு அரிசி கொண்டு போறியான்னு அதிரடிப்படை கேக்கும். போகாம வீட்டுல இருந்தா, போலீசுக்குத் துப்பு சொல்றியான்னு காட்டுக்குள்ளயிருந்து கேள்வி வரும். சோளகன் பட்ட பாடு தெரியணும்னா பாலமுருகன் 2004-ல எழுதின 'சோளகர் தொட்டி'யைப் படி. பையில பாட்டுப் பெட்டி வச்ச இடத்துல அது அடங்கும். அந்த வருஷமே அக்டோபர் 18-ந்தேதி வீரப்பன் கதை முடிஞ்சுது. இப்ப அவன் ஊருக்குப் பக்கத்துல அரசாங்கமே கூடாரம் போட்டு, 'மிஸ்டரி டிரெயில்ஸ்'னு பேர் வச்சு, காசு வாங்கிக்கிட்டு நடக்கக் கூட்டிட்டுப் போகுது. நாங்க ஓசியில பயந்து நடந்த காட்டுல நீ பணம் கட்டிப் பயப்படலாம். முன்னேற்றம்தான்.

அந்தக் கோபிநத்தத்துல ஸ்ரீநிவாஸ்னு ஒரு வனத்துறை அதிகாரி இருந்தார். ஊருக்கு வீடு கட்டக் கை கொடுத்தார், மாரியம்மன் கோயில் கட்டக் கை கொடுத்தார். வீரப்பன் சரணடையறேன்னு சொல்லியனுப்பினதை நம்பி, 1991 நவம்பர்ல ஆயுதம் இல்லாமக் காட்டுக்குள்ள நடந்து போனார். திரும்பலை. அவர் படத்தை அந்த ஊர்க்காரங்க இன்னும் வச்சுக் கும்பிடறாங்க. அவரைப் பத்தி மட்டும் என் வாயில கேலி வராது.

இப்ப நீ ஆசையாக் கேக்கிற புலிக்கு வர்றேன். 2025 ஜூன் 26. ஹூக்யம் ரேஞ்சு, இங்கயிருந்து பக்கம்தான். ஒரு தாய்ப்புலி, நாலு குட்டி, அஞ்சும் செத்துக் கிடந்துச்சு. சந்தனக் கடத்தல்காரனும் இல்லை, வெளிநாட்டு வேட்டைக்காரனும் இல்லை. புலி ஒரு மாட்டை அடிச்சிருக்கு. அந்த மாட்டு உடம்புலயே பூச்சிமருந்தைத் தடவி விட்டிருக்காங்க. தாய் தின்னுது, குட்டியும் தின்னுது. மூணு பேரைப் புடிச்சாங்க. டெல்லி வரைக்கும் பேச்சாப் போச்சு. உன் போன்லயும் அன்னிக்கு மெழுகுவத்திப் படம் வந்திருக்கும். நாலு மாசம் ஆகலை, அக்டோபர்ல ஹனூர் ரேஞ்சுல வெட்டுப்பட்ட இன்னொரு புலியோட உடம்பு கிடைச்சுது.

மருந்து வச்சது பாவம். அதுல எனக்கு ரெண்டு பேச்சு இல்லை. ஆனா மாடு செத்தவன் என்ன செய்யறான்னும் கேளு. எனக்கே ஒரு காலத்துல ஒரு பசு போச்சு. எந்த ஆபீசுன்னு சொல்ல மாட்டேன், அங்க போய் நின்னேன். போட்டோ எங்கே, டாக்டர் சீட்டு எங்கே, காட்டுக்குள்ள அடிச்சுதா வெளியில அடிச்சுதா, மாடு உன்னோடதுதான்னு என்ன அத்தாட்சின்னு கேட்டாங்க. கடைசிக் கேள்விக்கு மாடுதான் பதில் சொல்லணும், அதுவோ புலி வயித்துல. பணம் வந்துச்சு, வரலைன்னு சொல்லலை. அது வர்றதுக்குள்ள அந்தப் பசுவோட கன்னு வளந்து கன்னு போட்டிருச்சு. எனக்குத் திண்ணை இருந்துச்சு, பேசியே காலத்தைக் கழிச்சேன். பசு ஒண்ணே சொத்தா இருக்கிறவன் பேசிக்கிட்டு உக்கார மாட்டான்.

புலிங்க செத்த அடுத்த மாசமே, காட்டுக்குள்ள மேய்ச்சல் கூடாதுன்னு அமைச்சர் சொன்னார். தமிழ்நாட்டு மாடுங்க இங்க வந்து மேயுதுன்னும் சொன்னார். விவசாயிங்க எதிர்த்தாங்க. மாட்டுக்குப் பாஸ்போர்ட் எடுக்கணுமான்னு எங்க டீக்கடையில ஒருத்தன் கேட்டான். சிரிச்சோம். ஆனா மேய்ச்சலை நிறுத்தச் சொல்றவங்க மாடு எதைத் திங்கணும்னு சொல்லலை, உண்ணிச்செடியை மாடு திங்காது. இந்தக் காட்டைப் புலிகள் காப்பகம் ஆக்கணும்னு பல வருஷமாப் பேச்சு நடக்குது. ஆக்கட்டும், வேண்டாங்கலை. பலகையை மாத்தறதுக்கு முன்னாடி மாட்டுக்குப் பணம் குடுக்கிற தேதியை மாத்துங்கன்னுதான் நான் சொல்வேன்.

இன்னொரு சேதி உன் காதுல விழுந்திருக்காது. அந்தப் புலிங்க சாகறதுக்குச் சில நாள் முன்னாடி, இந்தக் கோட்டத்துல ஒப்பந்தத்துல வேலை செய்யற வாட்சருங்க, மூணு மாசமாச் சம்பளம் வரலைன்னு கொடி புடிச்சாங்க. பேப்பர்லயே வந்துச்சு. காட்டுக்குள்ள வேட்டைத் தடுப்பு முகாம்ல தங்கி, விடிஞ்சதுல இருந்து ரோந்து நடக்கிறவங்க அவங்கதான். மாட்டுச் சவம் எங்க கிடக்குது, யார் அது பக்கத்துல போனான்னு பார்க்க வேண்டிய கண்ணும் அவங்களோடதுதான். இந்தக் காட்டுல வேலைக்காக நடக்கிறவனுக்குப் பணம் வரலை, பொழுதுபோக்கா நடக்கிறவன்கிட்டப் பணம் வசூல் ஆகுது. கணக்கு நல்லா இருக்கில்ல?

நல்லது ஒண்ணும் நடக்கலையான்னு கேப்பே. நடந்திருக்கு. யானையும் நடக்கிற ஜாதிதான், நம்மளைவிட நெடுந்தூரம் போகும். பிலிகிரி ரங்கன் மலைக்கும் இந்தப் பக்கத்துக் காட்டுக்கும் நடுவுல இடயாரள்ளி–தொட்டசம்பிகேன்னு ஒரு யானை வழி. குறுக்க பட்டா நிலம். பயிர் வச்சவனுக்கும் தூக்கம் இல்லை, யானைக்கும் வழி இல்லை. இந்திய வனவிலங்கு அறக்கட்டளைக்காரங்க விவசாயிங்ககிட்டப் பேசி, ஏறக்குறைய 25 ஏக்கரை விலை குடுத்து வாங்கி, 2009-ல வனத்துறைகிட்ட ஒப்படைச்சாங்க. யாரும் யாரையும் துரத்தலை, சுடலை. ரிஜிஸ்டர் ஆபீசுல பத்திரம் எழுதி முடிஞ்ச காரியம். அதுல நடை கொஞ்சம், கையெழுத்துத்தான் ஜாஸ்தி. படம் புடிக்கவும் அதுல ஒண்ணும் இல்லை, அதனாலதான் உனக்குத் தெரியலை.

ஆண்டர்சன்னு பெங்களூர்ல ஒரு துரை இருந்தான், கென்னத் ஆண்டர்சன். துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு இந்தக் கொள்ளேகால் காடெல்லாம் நடந்தவன். 1957-ல வந்த புத்தகத்துல ராமாபுரத்துப் புலின்னு ஒரு அத்தியாயமே இருக்கு. நீ துப்பாக்கி இல்லாம வர்றே, அது பெரிய மாறுதல்தான், மெச்சறேன். ஆனா துரைக்கு முன்னால வழி காட்டிப் போனவனைப் பத்தியும் துரை ரெண்டு வரி எழுதினான். நீ போடற ரீல்ஸ்ல உன் கைடு மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆகையால, போயிட்டு வா கண்ணு. ஆரஞ்சுச் சட்டையை மாத்திக்க, சென்ட்டைக் கழுவிக்க, பாட்டுப் பெட்டியை இந்தக் கடையிலயே வச்சுட்டுப் போ, நான் பத்திரமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். கொண்டு போற பிளாஸ்டிக்கை எண்ணிக் கொண்டு போ, எண்ணித் திருப்பிக் கொண்டா. பீடி, சிகரெட்டு எதுவும் உள்ள வேண்டாம். கைடுக்குப் பேசின கூலிக்குமேல ஒரு நோட்டு குடு. அப்புறம் ரேஞ்ச் ஆபீசுல சீட்டைக் காட்டறப்ப, சத்தமா, நாலு பேர் காதுல விழற மாதிரி ஒண்ணு கேளு: வாட்சருங்களுக்குப் போன மாசச் சம்பளம் வந்துச்சா, மாடு போனவங்களுக்குப் பணம் குடுத்தாச்சா? பதிலை வாங்கிக்கிட்டு உள்ள போ. பதில் வரலைன்னா ஊருக்குத் திரும்பினதும், மேகம் ஓடுற படத்துக்கு பதிலா அந்தக் கேள்வியைப் போடு.